என் விசாவில் வந்த மாப்பிள்ளை

துபாயில் விசா விண்ணப்பங்களை அடித்துக்கொடுக்கிற டைப்பிங் சென்டர்காரர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். என் மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் நான் அதற்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டேன் என்பது போல இருந்தது அவர் முகம்.

“இக்கா, வீட்டுப் பத்திரம், டைட்டில் டீட், எல்லாம் கறக்ட். விலையும் விசாவுக்குப் போதும். பட்சே ஓனர் நிங்களல்ல, இத்தாவாணு,” என்றார் அவர். மலையாளி. எங்களோடு பேசும்போது தமிழையும் சேர்த்துக் குழைத்துக்கொள்வார். இவர் இக்கா, நான் இத்தா.

“அவ பேருலதான் இருக்கு, அது எனக்குத் தெரியாதா? வாங்குனது நான். விசாவை எனக்குப் போடுங்க.”

“ஆரு வாங்கினாலும் ஆகட்டே இக்கா. ஓனருக்குத்தான் விசா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா அது? இல்லை. ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்டதே கிடையாது. துப்பட்டாவை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். இவர் திரும்பி முறைத்தார்.

புரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் மாப்பிள்ளை என்றால் கணவர். கல்யாணத்தன்று ஒட்டிய அந்தப் பெயர் கிழவனானாலும் போகாது. என் மாப்பிள்ளை ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் இருபத்தேழு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தார். வயதாகிவிட்டது, அடுத்த மாதத்தோடு போதும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. இந்த நாட்டில் வேலை போனால் விசா போகும், விசா போனால் சில நாள் அவகாசத்தில் பெட்டியைக் கட்ட வேண்டும். அவர் விசாவில் தொங்கிக்கொண்டிருந்த நானும் கூடவே போக வேண்டும். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள். இவர் மட்டும் அசரவில்லை. “நமக்குத்தான் சொந்த வீடு இருக்கே, வீடு வச்சிருக்கவனுக்கு கவர்மெண்டே விசா குடுக்குது,” என்று கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பாய் முதல் ஊரில் இருக்கிற தன் காக்கா, அதாவது அண்ணன், வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். வீட்டு உரிமையாளருக்கு விசா உண்டு என்பது உண்மைதான். அந்த உரிமையாளர் அவர் இல்லை என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவே இல்லை.

கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் இதே தப்பைத்தான் செய்திருப்பார்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிறது. அங்கே வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடிந்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். உம்மா வீடு மூத்த மகளுக்கு, அடுத்தவளுக்கு வாப்பா ஒன்று கட்ட வேண்டும், அதற்கடுத்தவளுக்கு இன்னொன்று. ஆண்பிள்ளைக்கு வீடு என்று ஒரு செங்கல்கூட எழுத மாட்டார்கள். அவன் போகிற இடத்தில் அவனுக்கு வீடு இருக்கும். சம்பாதிக்கிற ஆணும் தங்கச்சிக்குக் கட்டுவான், மகளுக்குக் கட்டுவான், தன் பெயரில் எழுதிக்கொள்ள அவனுக்குக் கை வராது.

நான் மூன்றாவது. என் முறை வரும்போது வாப்பாவின் வியாபாரம் படுத்துவிட்டது. “அடுத்த வருஷம் கட்டிடுவோம்” என்று பேசி முடித்துத்தான் என்னைக் கொடுத்தார்கள். அந்த அடுத்த வருஷம் வருவதற்குள் வாப்பா மௌத்தாகிவிட்டார். ஆக, ஊரிலேயே அதிசயமாக, வீடு இல்லாத பெண் நான். இவர் உம்மா வீட்டில் போய் இருந்தேன். அந்த வீடோ இவருடைய அக்காவுக்கு, ராத்தாவுக்கு எழுதியது. மதினி தங்கமான மனுஷி, ஒரு சொல் சொன்னது கிடையாது. ஆனாலும் அடுப்படியில் சீனி டப்பாவைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை தொண்டையைச் செருமுவேன். நாலு வருஷம் அப்படிச் செருமினேன். அப்புறம்தான் இவர் என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்தார். டேராவில் பலகை வைத்துத் தடுத்த அரை ரூமில் குடித்தனம். ஒரே மகனை வளர்த்துப் படிக்க வைத்து கனடாவுக்கு அனுப்பிய பிறகு, ஜெபல் அலிப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் ஒரு பெட்ரூம் ஃப்ளாட்டுக்குச் சொல்லி வைத்தார்.

கையெழுத்துப் போட என்னையும் அழைத்துப் போனார். எதற்கு என்று எனக்குத் தெரியாது, ஜூஸ் கொடுப்பார்கள் என்று போனேன். அங்கே இருந்த ஃபிலிப்பினோப் பெண் இவருடைய பாஸ்போர்ட்டைக் கேட்டாள். இவர் என் பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தார். இருவர் பெயரிலுமா என்று அந்தப் பெண் கேட்டாள்.

“நோ, நோ. ஒன்லி வைஃப்,” என்றார்.

நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “என்ன மச்சான் செய்றிய?”

“பின்ன? ஆம்பளை பேருல வீடு எழுதுனேன்னு தெரிஞ்சா ஊருல காறித் துப்ப மாட்டானுவ?” என்றார்.

இவ்வளவுதான் அவர் சொன்னது. வீடு இல்லாமல் வந்தவளுக்கு வீடு கொடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போது மெட்ரோவில் நான் அழுத அழுகையைப் பார்த்து எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அரபிக் கிழவி டிஷ்யூ பெட்டியை அப்படியே நீட்டினாள். இவர், “மாஃபி முஷ்கில், மாஃபி முஷ்கில்,” ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று தெரிந்த அரபியில் அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

இந்தக் கதை எல்லாம் டைப்பிங் சென்டர்காரருக்குத் தேவையா? அவர் இரண்டு விரலை நீட்டினார். வழி இரண்டுதான். ஒன்று, நான் வீட்டை இவர் பெயருக்கு ஹிபாவாக, அதாவது தானமாக எழுதிக்கொடுப்பது. கணவன் மனைவிக்குள் அது சுலபம். அப்புறம் விசா இவருக்கு வரும், நான் வழக்கம்போல இவர் கீழே. இன்னொன்று, விசாவை நானே எடுத்துக்கொண்டு இவரை என் விசாவில் சேர்ப்பது.

“அப்ப இவருக்கு கஃபீல், இவரு விசாவுக்குப் பொறுப்பு, யாரு?” என்று கேட்டேன்.

“இத்தாதன்னே,” என்றார் அவர், பல் எல்லாம் தெரிய.

இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. டூட்டிக்குப் போனார், வந்தார், தின்றார், டிவி பார்த்தார். என் மாப்பிள்ளை பேசாமல் இருந்தால் எனக்கு உடம்புக்கு முடியாமல் போய்விடும். சாதாரணமாகக் குழம்பில் உப்பு இல்லை என்பதையே கால் மணி நேரம் சொல்லக்கூடியவர். இரண்டாம் நாள் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தேன். சத்தமில்லாமல் தின்றுவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பகீரென்றது.

நடுவில் ஊரிலிருந்து இவருடைய காக்கா போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள் இருவரும். “என்னப்பா, விசா வந்துருச்சா?” என்றார் காக்கா. இவர் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “பொண்டாட்டி விசாவுலயா? அட கிறுக்குப் பயலே! பேசாம பேரை மாத்தி வாங்கு. அவ என்ன வேண்டாம்னா சொல்லப் போறா?” என்றார். இவர், “பாப்போம் காக்கா” என்றார்.

பாப்போமா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கொடுக்க எனக்கு மனசு இல்லை. அவர் சம்பாதித்து வாங்கியதுதான், அவருக்காக உசிரைக் கொடுப்பேன், ஆனால் வீட்டைக் கொடுக்க மனசு வரவில்லை. பால்கனியில் வாஷிங் மெஷின் வைத்தால் கதவு பாதிதான் திறக்கும் வீடு அது. சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்து ஏசி மூஞ்சியில் அடிக்கும். இருக்கட்டுமே. அந்த வீட்டில் நான் தொண்டையைச் செருமாமல் சீனி டப்பாவை எடுக்கிறேன். அவர் கேட்டுவிட்டால் எப்படி இல்லை என்பது என்று இரண்டு நாளும் அதையே நினைத்து நினைத்து, கேட்காத மனுஷன் மேல் கோபம் கோபமாக வந்தது.

ஊருக்குப் போய்விடலாமே என்பீர்கள். எந்த வீட்டுக்குப் போவது? எனக்கு ஊரில் வீடு இல்லை. அவருக்கும் இல்லை. எங்கள் இருவருக்குமாகப் பூமியில் இருந்தது அந்த ஃப்ளாட் ஒன்றுதான். விசா இல்லாவிட்டால் அதைப் பூட்டிவிட்டு மதினி வீட்டு மாடியில் போய் ஒண்ட வேண்டும்.

மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, அவர் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, டைட்டில் டீட் நகலைக் கொண்டுபோய் அவர் மடியில் போட்டேன். போட்டேன் என்பது மரியாதைக்கு. எறிந்தேன்.

“எழுதிக்கிடுங்க. எங்க கையெழுத்துப் போடணுமோ போடுறேன். மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காதிய.”

அவர் காகிதத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “உனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?”

“ஆமா, எனக்குத்தான் கிறுக்கு. ரெண்டு நாளா ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்திருக்கது யாரு?”

“அது வேற விஷயம் புள்ள.”

“என்ன வேற விஷயம்?”

சொல்ல மாட்டேன் என்று முதலில் பிகு பண்ணினார். பிறகு மெதுவாகச் சொன்னார். கிடங்கு முழுக்க, வீடு வைத்திருக்கிறேன், விசா வாங்குவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தாராம். இப்போது போய் எந்த மூஞ்சியோடு சொல்வது என்று வெட்கமாம். அதற்குத்தான் இந்த மௌனம். வீட்டைத் திருப்பி வாங்குகிற எண்ணம் அவர் மனசின் ஓரத்தில்கூட வரவில்லை.

“குடுத்த வீட்டைத் திரும்பக் கேக்குறவனா நான்? அப்படிக் கேட்டவன் எவனாவது நம்ம ஊருல இருக்கானா? காக்காவுக்கு என்ன, அவர் சும்மா கிண்டல் பண்ணுவாரு. ஆனா அவரு எங்க இருக்காரு? மச்சி வீட்டுலதானே, பொண்டாட்டி வீட்டுல? ஊருல எந்தப் பயலாவது சொந்த வீட்டுல இருக்கானா? எல்லாவனும் பொண்டாட்டி வீட்டுலதான் இருக்கான், ராஜா மாதிரி இருக்கான். எனக்கு மட்டும்தான் அந்தக் குடுப்பினை இல்லாம போச்சு. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல, பொண்டாட்டி வீட்டுக்கு மாப்பிள்ளையா நான் போனதே இல்ல. இப்பவாவது போறேனே!”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று நாள் சிரிப்பு சேர்ந்து வந்தது. “அப்ப நேத்து குழம்புல உப்பு இல்லாதது தெரியலையா?” என்று கேட்டேன். “தெரியாம என்ன? வாயைத் திறந்தா அழுதுருவேன்னு தின்னேன்,” என்றார்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. முதலில் அவர் விசாவிலிருந்து என்னை எடுக்க வேண்டுமாம். “இக்கா, ஃபர்ஸ்ட் இத்தாவை கேன்சல் செய்யணும்,” என்றார் டைப்பிங் சென்டர்காரர். “தலாக்கா?” என்று கேட்டேன். பக்கத்துச் சீட்டில் இருந்த பாகிஸ்தானி புரிந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். இவர் மட்டும் வெள்ளந்தியாக, “சே சே, பேப்பர்லதான் புள்ள” என்றார்.

எனக்கு மெடிக்கல் எடுத்தார்கள். முன்பெல்லாம் இந்த மாதிரி இடங்களில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், அவர் கவுண்டரில் பேசுவார், கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுவார். இந்தத் தடவை அவர் நாற்காலியில், நான் கவுண்டரில். கைரேகை எடுத்த எமிராத்திப் பெண் என் பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை எல்லாம் அழிந்து கிடந்தது. க்ரீம் தடவி மறுபடி வைத்தாள். “வீட்டு ஓனரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். “யெஸ். மை ஹவுஸ்” என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போல. வரிசையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மாப்பிள்ளை நாற்காலியில் இருந்தபடியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

என்னுடைய பழைய விசாக்களில் எல்லாம் ‘ஹவுஸ்வைஃப், வேலை செய்ய அனுமதி இல்லை’ என்று அடித்திருப்பார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். வேலை செய்ய அனுமதி இல்லை என்றால் சோறு யார் பொங்குவது? இவருக்கு என்ன அடிப்பார்கள் என்று டைப்பிங் சென்டர்காரரிடம் கேட்டேன். “அது சிஸ்டம் தீருமானிக்கும் இத்தா” என்று நழுவிவிட்டார்.

கம்பெனியில் அவர் ஊர் திரும்பும் கடைசி டிக்கெட்டுக்கு நாள் குறித்துவிட்டார்கள். என்னுடைய குடியிருப்பு அட்டை இன்னும் வரவில்லை. அட்டை வந்தால்தான் நான் இவரைச் சேர்க்க முடியும். “போயிட்டு வரட்டே. இத்தா இவிடெ இருந்து என்ட்ரி பர்மிட் எடுத்து அனுப்பும், இக்கா அதில் வரும்,” என்றார் டைப்பிங் சென்டர்காரர். சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஏர்போர்ட்டில் இவர் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போன பிறகும் நான் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். இனி இவர் இந்த நாட்டுக்குத் திரும்பி வருவதும் வராததும் நான் போடப்போகும் ஒரு காகிதத்தில் இருந்தது. போன் ரீசார்ஜ்கூட மகன் கனடாவிலிருந்து செய்து கொடுக்கிற ஆள் நான்.

அவர் போன மூன்றாம் நாள் அட்டை வந்தது. அட்டையில் என் முகம் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தது. அதற்கு முத்தம் கொடுத்தேன். நேராக டைப்பிங் சென்டருக்கு ஓடினேன்.

“இத்தா, நிக்காஹ் சர்டிபிகேட் எவிடெ? அட்டெஸ்ட் செய்த ஒரிஜினல்?”

என்னை முதன்முதலில் கொண்டுவருவதற்காக இவர் சென்னைக்கும் டெல்லிக்கும் அலைந்து முத்திரை வாங்கிய அதே சர்டிபிகேட். அன்றைக்கு அவர் என்னைக் கூப்பிட வாங்கியது, இன்றைக்கு நான் அவரைக் கூப்பிடத் தேவை. நீல ஃபைலில் இருக்கும். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தால் நீல ஃபைல் இல்லை. பீரோவில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. அப்புறம்தான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. இத்தனை வருஷமாக லீவுக்குப் போகும்போதெல்லாம் அந்த ஃபைலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவது அவர் வழக்கம். பிளேனில் மடியில் வைத்துக்கொண்டு தூங்குவார். நான் இருக்கிற இடத்தில் அது இருக்காது, அது இருக்கிற இடத்தில்தான் அவர் இருப்பார்.

போன் போட்டேன்.

“ஃபைலா? இங்கதான் இருக்கு புள்ள. தலைமாட்டுல பத்திரமா வச்சிருக்கேன்,” என்றார், பெருமையாக.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது. நோன்புக் காலமாக இருந்திருந்தால் நோன்பு முறிந்திருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார். “திட்டுறதைத் திட்டிட்டு சீக்கிரம் கூப்பிடு புள்ள. இங்க முடியல. தெருவுல பாக்குறவன் எல்லாம், ‘எப்ப வந்திய, எத்தனை நாளு லீவு, எப்ப போறிய’ன்னு கேக்குறான். ராத்தா ஒண்ணும் கேக்கல. ஆனா மாடியில எனக்காக அவ பேரன் ரூமை விட்டுட்டு கீழ ஹால்ல படுக்குறான். தண்ணி வேணும்னா கூட, கேக்குறதுக்கு முன்னால எனக்குத் தொண்டையைச் செரும வேண்டியிருக்கு.”

என் கோபம் அத்தனையும் கரைந்துவிட்டது. நாலு வருஷம் நான் செருமியது அவருக்குக் கேட்டிருக்கிறது. நான் யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூரியரில் போட்டால் தொலைந்துவிடும் என்று அவருக்குப் பயம். எங்கள் ஊரில் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து யாராவது ஒருவர் துபாய்க்குக் கிளம்பிக்கொண்டேதான் இருப்பார். ஷார்ஜாவில் தன் மகன் வீட்டுக்கு வருகிற ஒரு மாமியின் கையில் கொடுத்துவிட்டார். சர்டிபிகேட்டை மட்டும் அனுப்பியிருந்தால் என் மாப்பிள்ளை இல்லையே அவர். “அவளுக்குப் பிடிக்கும்” என்று தொதல் வாங்கி, அதே பையில் வைத்து அனுப்பியிருக்கிறார். கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் போட்டு எண்ணெய் கக்கக் கக்கக் கிண்டுகிற அல்வா அது. நான் ஷார்ஜாவுக்குப் போய்ப் பையைப் பிரித்தபோது பிளாஸ்டிக் கவரையும் தாண்டி எண்ணெய் ஊறி, சர்டிபிகேட்டின் பின்பக்கம் ஒரு மூலை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருந்தது. மாமியின் முன்னாலேயே “யா அல்லாஹ்!” என்று அலறிவிட்டேன். முத்திரைக்கும் எண்ணெய்க்கும் நடுவே இரண்டு விரல் இடம்தான் மிச்சம். மாமி எனக்குத் தண்ணீர் கொடுத்து, பவுடர் தூவி, டிஷ்யூவால் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

டைப்பிங் சென்டர்காரர் சர்டிபிகேட்டைக் கையில் வாங்கினார். மூக்குக்கிட்டே கொண்டுபோனார். “இத்தா, நல்ல மணம் உண்டல்லோ.”

“ஸ்கேன்ல விழுமா அதைச் சொல்லுங்க.”

முத்திரை தெளிவாக விழுந்தது. எண்ணெய் ஒரு நிழலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். விண்ணப்பத்தில் ஸ்பான்சர் என்ற இடத்தில் என் பெயரை அவர் அடித்தபோது, நான் சிறுபிள்ளை மாதிரி எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன். மீதித் தொதலை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்பது நாள் காத்திருந்தேன். போன் சிணுங்கினால் ஓடுவேன், பிட்சா விளம்பரமாக இருக்கும். வெறும் வீட்டில் நான் தனியாக இருந்ததே இல்லை. என் வீடு, என் விசா, எல்லாம் என் பெயரில், ஆனால் ஒரு டம்ளர் டீ போட்டால் பாதி மிச்சமாகிவிடுகிறது. அவர் வரமுடியாமல் போனால் நானும் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் போய்விடுவேன் என்று முடிவு செய்துவிட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ‘கிறுக்கா?’ என்பார். மகனிடம் சொன்னேன். அவன் தமிழை ஓரமாக வைத்துவிட்டு, “உம்மா, யூ ஆர் த பாஸ் நவ், ரிலாக்ஸ்” என்றான்.

பத்தாம் நாள் காலை, இட்லி மாவை ஊற்றிக்கொண்டிருந்தபோது டைப்பிங் சென்டர்காரர் பேசினார். “இத்தா, அப்ரூவ்டு. கலாஸ், காரியம் முடிஞ்சு!” மாவுக் கரண்டியோடு பால்கனிக்குப் போய் நின்றேன், எதற்கு என்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டடத்து ஏசி எப்போதும்போல மூஞ்சியில் அடித்தது. அன்றைக்கு அது தென்றல்.

அவர் வந்த அன்று ஏர்போர்ட்டில் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றேன். அத்தர் எல்லாம் பூசி, புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார் மனுஷன். மதினி கொடுத்த கருவாட்டுப் பொட்டலம் ஒரு கையில், நீல ஃபைல் இன்னொரு கையில். முகம் மட்டும் கொஞ்சம் வாடியிருந்தது.

“என்ன மச்சான், உள்ள ஏதாவது கேட்டானா?”

“ஒண்ணுமே கேக்கல புள்ள! ‘ஸ்பான்சர் யாரு’ன்னு கேப்பான், ‘மை வைஃப்’னு சொல்லலாம்னு பிளேன்ல பூரா சொல்லிப் பாத்துட்டு வந்தேன். மூஞ்சியைப் பாத்தான், யல்லா போன்னுட்டான்.”

அந்த ஆசையை டாக்ஸிக்காரரிடம் தீர்த்துக்கொண்டார். ஓட்டியவர் பெஷாவர்க்காரர். “பாய், பின்னாடி உக்காந்திருக்காங்களே, அவங்கதான் மேரா கஃபீல்,” என்றார் இவர், தன் அரைகுறை இந்தியில். ஓட்டியவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “அச்சா! மாஷா அல்லாஹ்! அப்போ அவங்களுக்குப் பயந்து நடந்துக்கோங்க பாய்,” என்று இந்தியில் சொன்னார். “முன்னாடியும் அப்படித்தான்,” என்றார் என் மாப்பிள்ளை.

லிஃப்டில் ஏறி எங்கள் மாடிக்கு வந்தோம். நான் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பையை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். வெளியே, கதவுக்கு முன்னால், கருவாட்டோடும் ஃபைலோடும் நின்றுகொண்டிருக்கிறார்.

“ஏன் நிக்கிறிய? உள்ள வாங்க, ஏசி போகுது.”

“கூப்பிடு.”

“என்னது?”

“மாப்பிள்ளை தானா உள்ள வருவானா? நம்ம ஊருல அப்படியா? பொண்ணு வீட்டு ஆளு வந்து கையைப் புடிச்சுல்ல கூட்டிட்டுப் போகணும்.”

கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஊர்வலமாகப் பெண் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார். பெண்ணின் காக்காவோ தம்பியோ வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனால்தான் உள்ளே கால் வைப்பார். எங்கள் கல்யாணத்தில் அது நடக்கவில்லை. கூப்பிட ஒரு வீடு இல்லை. எனக்குக் கூடப்பிறந்த ஆணும் இல்லை.

எதிர் ஃப்ளாட்டு ஃபிலிப்பினோப் பெண் குப்பைப் பையோடு வந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன். கருவாட்டை வாங்கிக் கீழே வைத்தேன். ஃபைலை வாங்கப் பார்த்தேன், அதை மட்டும் கொடுக்கவில்லை. மிச்சமிருந்த கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்க வீட்டுக்கு வாங்க மாப்பிள்ளை,” என்றேன்.

நான் அழுவேன் என்றுதான் நினைத்தேன். அவர்தான் அழுதார்.